மார்மன் தலைவர்களைப் பிரித்தது பலதார மணமா, பதவிப் போட்டியா?

மார்மன் திருச்சபை 1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. பதினான்கு ஆண்டுகளுக்குள் அதன் முதல் தலைவர்களில் பெரும்பாலோர் விலக்கப்பட்டோ விலகியோ போயிருந்தார்கள். நிறுவனர் ஜோசப் ஸ்மித் சிறைக்குள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பலதார மணம்தான் இதற்கு உண்மையான காரணமா, பணமும் பதவியும் மோதியபோது அது ஒரு சாக்காக மட்டும் பயன்பட்டதா என்பது கேள்வி.

பலதார மணமே காரணம் என்பது என் பதில். பணமும் பதவியும் கலந்திருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பெரிய பிளவையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால், அடியில் இந்த மண விவகாரம்தான் கிடக்கிறது. அதிலும், எத்தனை மனைவிகள் என்ற எண்ணிக்கையைவிட, அது பத்தாண்டுக்கும் மேலாக ரகசியமாக நடத்தப்பட்ட விதம்தான் கூடுதல் சேதம் செய்தது. ரகசியம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று ஒரே தலைமைக்குள் இரண்டு வட்டங்கள் உருவாயின. பொதுமேடையில் மறுப்பு, வீட்டுக்குள் நடைமுறை என்ற நிலையில் எந்த அமைப்பும் நெடுநாள் ஒற்றுமையாக இருக்க முடியாது.

முதல் விரிசல் ஒஹையோவில் உள்ள கர்ட்லண்டில் விழுந்தது. 1830களின் நடுவில் ஸ்மித் வீட்டில் ஃபேனி ஆல்ஜர் என்ற இளம்பெண் வேலைக்கு இருந்தார். அவருக்கும் ஸ்மித்துக்கும் இருந்த உறவைப் பிற்காலத்து மார்மன்கள் முதல் பலதார மணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அன்றைக்கு ஆலிவர் கவுடரிக்கு அது அப்படித் தெரியவில்லை. கவுடரி சாதாரண ஆள் இல்லை. சபையின் வேதமான மார்மன் புத்தகத்தின் பெரும்பகுதியை ஸ்மித் சொல்லச் சொல்ல எழுதியவர். அந்த நூலுக்குச் சாட்சி சொன்ன மூவரில் ஒருவர். 1838 ஜனவரியில் தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் அந்த உறவை அசிங்கமான, அருவருப்பான விவகாரம் என்று குறிப்பிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் மிசூரியில் அவர்மேல் சபை விசாரணை நடந்தது. ஸ்மித் விபசாரம் செய்தார் என்று மறைமுகமாகப் பேசி அவர் பெயரைக் கெடுத்தார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. கவுடரி நீக்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு கர்ட்லண்டில் சபை நடத்திய வங்கி திவாலாகிப் பலருடைய பணம் போயிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கோபமும் காற்றில் இருந்தது. ஆனால் கவுடரியின் மனம் உடைந்தது பணத்தால் மட்டும் என்று அந்தக் கடிதத்தைப் படித்த எவரும் சொல்ல மாட்டார்கள்.

விவகாரம் முழு வீச்சில் நடந்தது இல்லினாயில், மிசிசிப்பி ஆற்றின் கரையில் அவர்கள் கட்டிய நாவூ நகரத்தில். 1841 ஏப்ரல் 5 அன்று லூயிசா பீமன் என்ற பெண்ணை ஸ்மித் மணந்தார். யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காக மணப்பெண் ஆண்களின் கோட்டும் தொப்பியும் அணிந்திருந்தார் என்று பிற்கால நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. அடுத்த மூன்று ஆண்டுகளில் மணங்கள் பெருகின. மொத்த எண்ணிக்கை முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் இருக்கும் என்பதைத் திருச்சபையே 2014இல் வெளியிட்ட கட்டுரையில் ஏற்றுக்கொண்டது. அவர்களில் சிலர் ஏற்கெனவே வேறொருவருக்கு மனைவியாக இருந்தவர்கள். மிக இளையவரான ஹெலன் மார் கிம்பலுக்குப் பதினைந்து வயது நிறையச் சில மாதங்கள் இருந்தன. இந்த ஒரு விவரத்தை எப்படிச் சமாதானம் சொல்லியும் என்னால் கடந்துபோக முடிந்ததில்லை.

நெருங்கிய சீடர்களுக்கு இந்தப் போதனை ஒரு சோதனையாகவே சொல்லப்பட்டது. ஹெலனின் தந்தை ஹீபர் கிம்பலிடம் முதலில் அவர் மனைவியையே ஸ்மித் கேட்டார். கிம்பல் மனம் வெந்து சம்மதித்தபோது, இது உன் விசுவாசத்தைப் பார்ப்பதற்காகத்தான் என்று சொல்லப்பட்டது. ஸ்மித்துக்குப் பின் தலைமையேற்ற பிரிகாம் யங் பின்னாளில் இந்தப் போதனையைப் பற்றிப் பேசும்போது, வாழ்க்கையில் முதல்முறையாகக் கல்லறையை விரும்பியது அப்போதுதான் என்றார். இறுதியில் இருவரும் ஏற்றார்கள். ஏற்றவர்கள் ஸ்மித்துக்கு இன்னும் நெருக்கமானார்கள். ஏற்காதவர்கள் நாளைய எதிரிகள் ஆனார்கள்.

1842ஆம் ஆண்டு கோடையில் இந்த ரகசியம் முதல்முறை வெளியே கசிந்தது. ஜான் பென்னட் நாவூவின் முதல் மேயர். நகரத்துக்கு மாநிலச் சட்டமன்றத்தின் சாசனத்தைப் பெற்றுத்தந்ததில் பெரும்பங்கு அவருடையது. அவரும் பெண்களை ஏமாற்றி உறவு வைத்திருந்தார், அதற்கு ஸ்மித்தின் பெயரைப் பயன்படுத்தினார் என்று நீக்கப்பட்டார். வெளியேறியவர் செய்தித்தாளில் கடிதங்களாக எழுதித் தள்ளினார். பென்னட்டின் பேச்சில் பொய்யும் மிகையும் நிறையக் கலந்திருந்தன. ஆனால் எல்லாமே பொய் இல்லை என்பதுதான் சபைக்குச் சிக்கல். அக்டோபரில் சபையின் பத்திரிகை ஒரு மறுப்பை வெளியிட்டது: அச்சிட்ட திருமண விதியைத் தவிர வேறு எந்த மண முறையும் எங்களிடம் இல்லை என்று ஆண்களும் பெண்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். கையெழுத்திட்டவர்களில் எலைசா ஸ்னோ இருந்தார். அவர் அதற்கு முந்தைய ஜூன் மாதமே ஸ்மித்தை மணந்திருந்தார். நியூவெல் விட்னியும் அவர் மனைவியும் இருந்தார்கள்; ஜூலையில்தான் தங்கள் மகளை ஸ்மித்துக்கு மணம் செய்துவைத்திருந்தார்கள். ஒன்றுமே தெரியாமல் அதே பட்டியலில் கையெழுத்திட்டவர்களும் இருந்தார்கள். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே பிற்பாடு நடந்தது ஏன் நடந்தது என்று விளங்கும்.

அதே கோடையில் ஆர்சன் பிராட்டின் குடும்பம் சிதைந்தது. சபையின் மேல்மட்டக் குழுவான பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவர் அவர். பிரிட்டனில் மதப்பணி முடித்துத் திரும்பியிருந்தார். அவர் இல்லாத காலத்தில் ஸ்மித் தம்மை மனைவியாகக் கேட்டார் என்று அவர் மனைவி சாரா சொன்னார். சாராவுக்குப் பென்னட்டோடு தொடர்பு இருந்தது, அதை மறைக்கவே இப்படிச் சொல்கிறார் என்று ஸ்மித் தரப்பு சொன்னது. மனைவியை நம்புவதா, தீர்க்கதரிசியாக ஏற்ற ஸ்மித்தை நம்புவதா? ஜூலையில் ஒருநாள் பிராட் குறிப்பு எழுதிவைத்துவிட்டுக் காணாமல்போனார், நகரமே தேடியது. நகரத்துக்கு வெளியே சில மைல் தொலைவில் ஆற்றோரம் உட்கார்ந்திருந்த அவரைக் கண்டுபிடித்தார்கள். ஆகஸ்டில் நீக்கப்பட்டு, அடுத்த ஜனவரியில் திரும்பச் சேர்க்கப்பட்டார். அவர் தீர்க்கதரிசியின் பக்கம் நின்றார். சாரா கடைசிவரை தம் சொல்லிலிருந்து மாறவில்லை.

சிட்னி ரிக்டன் விஷயமும் இதே தடத்தில்தான். தலைமைக் குழுவில் ஸ்மித்துக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். அவர் மகள் நான்சியை 1842 ஏப்ரலில் ஸ்மித் அழைத்துப் பேசினார். பத்தொன்பது வயதுப் பெண் நேருக்கு நேர் மறுத்துவிட்டார். பின்னர் அவருக்குப் போன கடிதம், ஒரு சூழலில் தவறானது இன்னொரு சூழலில் சரியாகலாம், கடவுள் கட்டளையிடுவது எதுவும் சரியே என்று வாதிட்டது. ரிக்டன் உடனே விலகவில்லை. ஆனால் இருவருக்கும் இடையில் பழைய உறவு திரும்பவே இல்லை.

இனி ஸ்மித்தின் முதல் மனைவி எம்மா. இந்தக் கதையில் ஆண்களின் பதவிகளைப் பற்றிப் பேசிப் பேசி அவரை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். நடுவில் வைக்க வேண்டியவர் அவர். ஸ்மித்தை 1827இல் வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாக மணந்தவர். ஊர் ஊராக விரட்டப்பட்டபோதெல்லாம் கூடவே போனவர். பல பிள்ளைகளைப் புதைத்தவர். நாவூவின் பெண்கள் சங்கத்துக்கு முதல் தலைவி. அந்தச் சங்கத்தின் செயலாளர்தான் எலைசா ஸ்னோ.

காலமான பிஷப் எட்வர்ட் பார்ட்ரிட்ஜின் மகள்கள் எமிலியும் எலைசாவும் எம்மாவின் வீட்டில் வேலைக்கு இருந்தார்கள். 1843 மார்ச்சில் சில நாள் இடைவெளியில் இருவரையும் ஸ்மித் மணந்தார், எம்மாவுக்குத் தெரியாது. மே மாதம் எம்மா கொஞ்சம் இறங்கிவந்து, பெண்களைத் தாமே தேர்ந்தெடுப்பதாக இருந்தால் சம்மதம் என்றார். அவர் தேர்ந்தெடுத்தது இதே சகோதரிகளை. ஏற்கெனவே மணம் நடந்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. எனவே எம்மாவின் முன்னிலையில் மறுபடி சடங்கு நடத்தினார்கள். அன்றைய பொழுது முடிவதற்குள் எம்மாவின் மனம் மாறிவிட்டது என்று எமிலி எழுதியிருக்கிறார். சில மாதங்களில் சகோதரிகள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 12. ஸ்மித்தின் கடை மாடியில் அவரும் அண்ணன் ஹைரமும் எழுத்தர் வில்லியம் கிளேட்டனும் இருந்தார்கள். ஹைரம் அந்த ஆண்டு மே மாதம்வரை இந்தப் போதனையை எதிர்த்தவர். அதன்பின் முழுமனதாக ஏற்றவர். கடவுளின் வெளிப்பாட்டை எழுதிக் கொடு, நான் கொண்டுபோய் எம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன், அவரை நம்பவைத்துவிடுவேன் என்றார். என்னளவுக்கு உனக்கு எம்மாவைத் தெரியாது என்றார் ஸ்மித். பிறகு வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, கிளேட்டன் எழுதினார். ஹைரம் எடுத்துக்கொண்டு போனார். திரும்பிவந்து, வாழ்நாளில் இவ்வளவு கடுமையாக யாரிடமும் பேச்சு வாங்கியதில்லை என்றார். கிளேட்டன் பின்னாளில் சொன்ன விவரம் இது. மூலப்பிரதி அழிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் விட்னிக்காக ஒரு நகல் எடுக்கப்பட்டிருந்தது, அது பிழைத்தது.

அந்த வெளிப்பாடு எம்மாவைப் பெயர் சொல்லி அழைக்கிறது. இந்தக் கட்டளையில் நிலைத்திருக்காவிட்டால் அழிக்கப்படுவாள் என்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1830இல் அச்சான மார்மன் புத்தகத்தில், தாவீதும் சாலொமோனும் பல மனைவிகளை வைத்திருந்தது ஆண்டவருக்கு அருவருப்பு என்று இருக்கிறது. அவரே கட்டளையிட்டாலன்றி ஒரு மனைவிதான் என்பது அங்குள்ள விதி. புதிய வெளிப்பாடோ தாவீதின் மனைவிகள் கடவுளால் கொடுக்கப்பட்டவர்கள் என்கிறது. சபைக்குள் எதிர்த்து நின்றவர்கள் வெளியாட்களின் வாதங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. தங்கள் வேதமே கையில் இருந்தது.

அப்படி நின்றவர்களில் முக்கியமானவர் வில்லியம் லா. கனடாவில் மதம் மாறியவர், ஆலை முதலாளி, தலைமைக் குழுவில் இரண்டாவது ஆலோசகர். பென்னட்டைப் போல இவரைத் தள்ளிவிட முடியாது, ஒழுக்கத்தில் பெயரெடுத்தவர். ஹைரம் அந்த வெளிப்பாட்டை இவருக்குக் காட்டியபோது இவரும் மனைவி ஜேனும் அதிர்ந்துபோனார்கள். நிலம், கட்டுமானம், சபையும் அரசும் ஒரே கையில் இருப்பது ஆகியவற்றிலும் ஸ்மித்தோடு இவருக்கு முரண்பாடு இருந்தது உண்மை. 1844 ஜனவரியில் தலைமைக் குழுவிலிருந்து எடுக்கப்பட்டார். ஏப்ரலில் கணவன் மனைவி இருவருமே நீக்கப்பட்டார்கள். மே 23 அன்று கார்தேஜ் நகர நீதிமன்றத்தில் ஸ்மித்மேல் விபசார வழக்குப் பதிவானது. மூன்று நாள் கழித்து ஸ்மித் மக்கள் முன் பேசினார்: ஏழு மனைவிகள் என்று என்மேல் பழி சொல்கிறார்கள், என் கண்ணுக்கு ஒருத்திதான் தெரிகிறாள். அன்றைக்கு அவருக்கு முப்பதுக்குக் குறையாத மனைவிகள் இருந்தார்கள்.

ஜூன் 7 அன்று லாவும் நண்பர்களும் நாவூ எக்ஸ்போசிட்டர் என்ற பத்திரிகையின் முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். அதுவே கடைசி இதழும். மூன்று பிரமாண வாக்குமூலங்கள் அதில் இருந்தன: லா, ஜேன் லா, ஆஸ்டின் கவுல்ஸ். கவுல்ஸ் நாவூ சபையின் உயர்மன்ற உறுப்பினர். ஹைரம் அந்த வெளிப்பாட்டை மன்றத்தில் படித்ததைக் காதால் கேட்டவர். அவருடைய மகள் எல்வைராவே, 1843 ஜூனில் தாம் ஸ்மித்தை மணந்ததாகப் பிற்காலத்தில் வாக்குமூலம் கொடுத்தார். தந்தைக்கு அது தெரிந்திருந்ததா என்று நினைக்கவே மனம் கனக்கிறது. இந்த மூன்று வாக்குமூலங்களையும் இன்று எடுத்துப் படித்தால், அடிப்படைச் செய்தியில் பொய் இல்லை என்பது தெரியும். ஆனால் நகரமன்றம் பத்திரிகையைப் பொதுத்தொல்லை என்று அறிவித்தது. ஜூன் 10 மாலை அச்சு எந்திரத்தை உடைத்து, எழுத்துருக்களைத் தெருவில் கொட்டி, இதழ்களை எரித்தார்கள். மேயராக ஆணையிட்டவர் ஸ்மித்தே.

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. கலகக் குற்றச்சாட்டு, நாவூவில் இராணுவச் சட்டம் அறிவித்ததால் தேசத்துரோகக் குற்றச்சாட்டு, ஆளுநர் தாமஸ் ஃபோர்டின் பாதுகாப்பு உறுதியை நம்பி ஸ்மித் சரணடைந்தது. ஜூன் 27 அன்று முகத்தில் கரி பூசிய கும்பல் கார்தேஜ் சிறைக்குள் புகுந்து ஜோசப்பையும் ஹைரமையும் கொன்றது. ஜோசப்புக்கு வயது 38. கொன்றவர்களுக்கு மார்மன்களின் வாக்குவங்கிமேலும் நாவூவின் படைமேலும் பயம் இருந்தது. அது வேறு வெறுப்பு. ஆனால் அவரைக் கார்தேஜுக்குக் கொண்டுபோன பாதை மண விவகாரத்தில் தொடங்கியது.

பதவிப் போட்டி என்று சொல்பவர்கள் அடுத்த கட்டத்தைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். 1844 ஆகஸ்ட் 8 அன்று நாவூவில் கூட்டம். ஒரு பக்கம் ரிக்டன், மறுபக்கம் பிரிகாம் யங்கும் பன்னிருவர் குழுவும். பன்னிருவர் வென்றார்கள். ரிக்டன் அடுத்த மாதமே நீக்கப்பட்டார். இங்கேயும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வென்ற குழுவின் முன்னணியில் ரகசியத்தை ஏற்று வாழத் தொடங்கியவர்கள் இருந்தார்கள். தோற்ற ரிக்டன் மகளால் இழுபட்டு வெளியே நின்றவர். எம்மா ஆதரித்த வில்லியம் மார்க்ஸ், நாவூவின் உள்ளூர் சபைத் தலைவர், பலதார மணத்தை வெளிப்படையாக எதிர்த்தவர். அவரும் சில வாரங்களில் பதவி இழந்தார். மார்க்ஸின் கையில் தலைமை போயிருந்தால் பலதார மணம் அங்கேயே முடிந்திருக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் தேர்வானது ஒரு மனிதர் மட்டும் இல்லை, ஒரு மண முறையும்தான்.

மூன்றாவது ஒருவரும் உரிமை கோரினார், ஜேம்ஸ் ஸ்ட்ராங். பலதார மணத்தை எதிர்க்கிறேன் என்று சொல்லி ஆட்களைச் சேர்த்தவர். பிறகு தாமே எல்வைரா ஃபீல்ட் என்ற பெண்ணை இரண்டாம் மனைவியாக்கி, அவருக்கு ஆண் வேடம் போட்டு, உடன்பிறந்தாரின் மகன் என்று சொல்லி அழைத்துக்கொண்டு ஊர் சுற்றினார். மிச்சிகன் ஏரியின் பீவர் தீவில் ராஜாவாக முடிசூட்டிக்கொண்டவரை 1856இல் சொந்த ஆட்களே சுட்டார்கள்.

பிரிகாம் யங் மக்களை யூட்டாவுக்குக் கூட்டிப்போனார். எம்மா போகவில்லை. கணவர் இறந்தபின் பிறந்த குழந்தையையும் சேர்த்து ஐந்து பிள்ளைகளோடு நாவூவிலேயே தங்கினார். சொத்து விஷயத்தில் யங்கோடு கடும் மோதல் ஏற்பட்டது. யங் அவரைப் பற்றிப் பொதுமேடையில் மிகக் கொடூரமாகப் பேசினார். கணவருக்கு விஷம் வைக்கப் பார்த்தாள் என்றுகூடச் சொன்னார்.

1852 ஆகஸ்ட் 29 அன்று சால்ட் லேக் நகரில் பலதார மணம் முதல்முறை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பிரசங்கம் செய்யத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆர்சன் பிராட். ஆற்றோரத்தில் தனியே உட்கார்ந்திருந்த அதே மனிதர். அதற்கும் பலன் கிடைத்ததா என்றால், இல்லை. 1875இல் யங் அப்போஸ்தலர்களின் மூப்பு வரிசையைத் திருத்தியபோது, 1842இன் நீக்கத்தைக் காரணம் காட்டி பிராட்டைக் கீழே இறக்கினார். யங் இறந்தபின் தலைமை ஜான் டெய்லரிடம் போனது. பலதார மணத்தை அறிவித்த அதே 1852 மாநாட்டில் இந்தியாவுக்கும் மதப்பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் 1853இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். இங்கிருந்த ஆங்கிலேயரிடம் அவர் பேச வாயெடுத்தாலே முதல் கேள்வி பலதார மணமாகத்தான் இருந்தது; பணி சில ஆண்டுகளில் முடிந்துபோனது.

அடுத்த தலைமுறையில் சண்டை விசித்திரமான வடிவம் எடுத்தது. எம்மாவின் மகன் மூன்றாம் ஜோசப் 1860இல் தனிச் சபைக்குத் தலைவரானார். அவரை அமர்த்தியவர்களில் வில்லியம் மார்க்ஸும் ஒருவர். என் தந்தை பலதார மணம் செய்யவே இல்லை, அது யங்கின் வேலை என்பது அவர் நிலைப்பாடு. 1879இல் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் எம்மாவும் மகனிடம் அப்படியே சொன்னார். யூட்டாவில் ஹைரமின் மகன் ஜோசப் எஃப். ஸ்மித் 1869 முதலே பெண்களிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கத் தொடங்கியிருந்தார்: ஆம், ஜோசப் ஸ்மித் என்னை மணந்தார் என்று. கொல்லப்பட்ட இரு சகோதரர்களின் பிள்ளைகள், ஒருவர் இல்லை என்றும் ஒருவர் உண்டு என்றும் வாழ்நாள் முழுக்க வாதிட்டார்கள். 1892இல் மிசூரியில் ஒரு கோயில் நிலத்துக்கான வழக்கில், முதுமையடைந்த எமிலி பார்ட்ரிட்ஜ் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகள் மறைத்துவைக்கச் சொல்லப்பட்டதைக் குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர்களுக்கு விளக்கினார். நீதிபதி நம்பவில்லை. 1842இல் அச்சான அந்த மறுப்பு அறிக்கைகள் அப்போது எதிர்த்தரப்பான மூன்றாம் ஜோசப்பின் சபையின் கையில் ஆதாரங்களாக இருந்தன.

கூட்டாட்சி அரசோடு நடந்த போராட்டம் தனிக் கதை. பலதார மணத்துக்கு எதிரான 1862, 1882, 1887 ஆண்டுகளின் சட்டங்கள் ஒன்றைவிட ஒன்று கடுமையாயின. 1879இல் உச்ச நீதிமன்றம், மத நம்பிக்கைக்கு உரிமை உண்டு, அதன்பேரில் எதையும் செய்ய உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அதற்குக் காட்டிய உதாரணங்களில் கணவனின் சிதையில் மனைவி எரிவதும் ஒன்று. ஜான் டெய்லர் தலைமறைவாக இருந்தபடியே 1887இல் இறந்தார். 1890இல் அடுத்த தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் புதிய பலதார மணங்கள் இல்லை என்று அறிக்கை விட்டார்.

ஆனால் பழைய பழக்கம் உடனே போகவில்லை. அறிக்கைக்குப் பின்பும் சில தலைவர்களின் ஒப்புதலோடு மணங்கள் ரகசியமாகத் தொடர்ந்தன. மறுபடியும் வெளியே ஒரு பேச்சு, உள்ளே ஒரு நடப்பு. 1904இல் அமெரிக்க செனட் விசாரணை தொடங்கியபோது இது வெட்டவெளிச்சமானது. அதே ஏப்ரலில், மீறுபவர்கள் நீக்கப்படுவார்கள் என்ற இரண்டாம் அறிக்கை வந்தது. அதை வெளியிட்ட தலைவர் வேறு யாருமில்லை, வாக்குமூலங்களைத் திரட்டிய அதே ஜோசப் எஃப். ஸ்மித். ஜான் டபிள்யூ. டெய்லர், மத்தயாஸ் கௌலி என்ற இரண்டு அப்போஸ்தலர்கள் பதவி விலக நேர்ந்தது. முதலாமவர் தலைமறைவில் இறந்த ஜான் டெய்லரின் மகன். 1911இல் அவர் சபையைவிட்டே நீக்கப்பட்டார். இன்று யூட்டாவிலும் அரிசோனாவிலும் பலதார மணத்தோடு வாழும் குழுக்கள், 1886இல் தலைமறைவிலிருந்த அந்தத் தந்தைக்கு வந்ததாகச் சொல்லப்படும் ஒரு வெளிப்பாட்டைத்தான் தங்களுக்கு ஆதாரமாகக் காட்டுகின்றன.